ஒரு ‘த’வால் நின்ற கல்யாணம்

அருப்புக்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரெஞ்சு டீச்சராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் இதைச் சொன்னால், முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டைப் பார்ப்பார்கள், பிறகு கேட்பார்கள்:

“அருப்புக்கோட்டையில பிரெஞ்சா? யாரு பேசுவா?”

“யாரும் பேச மாட்டாக. மார்க்கு வாங்குவாக” என்பேன்.

அதுதான் உண்மை. எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளலாம். தமிழில் எழுபதைத் தாண்டாத பிள்ளை பிரெஞ்சில் தொண்ணூற்றைந்து வாங்கும். கேள்விகள் சுலபம், பாடம் கொஞ்சம், திருத்துகிறவர்கள் தாராளம். செய்யுளுக்கும் புணர்ச்சி விதிக்கும் பயந்து ஓடி வந்த பிள்ளைகள்தான் என் வகுப்பு முழுக்க. அகதி முகாம் என்று தமிழ் ஐயா சொல்வார். நானும் மறுத்ததில்லை.

எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்திருக்கும் ஷர்மிளா போன மாதம் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

“மிஸ், பசங்க போனைத் தூக்கிக் காட்டுறாங்க. இதுவே எல்லாத்தையும் மாத்திக் குடுத்துருதே, அப்புறம் நீங்க எதுக்குன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

வாயால் சொல்லிப் பார்த்தேன். நீளமாகப் போயிற்று. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். இதோ எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். மதுரையில் கல்லூரி சேரும்போது நாலாவதாக ஒன்றும் இருக்கட்டும் என்று பிரெஞ்சை எடுத்தேன். பிடித்துப்போய்ப் பாண்டிச்சேரி வரை சென்று மேல்படிப்பு முடித்தேன். ஊர் திரும்பியதும் அப்பா, “இதுக்கு இங்க வேலை கெடைக்காது, தறில உக்காரு” என்றார். அந்த வாரமே பள்ளித் தாளாளர் ஆள் அனுப்பிவிட்டார்.

தாளாளர் பஞ்சு வியாபாரி. பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் அவர்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் எப்போதும் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டியிருக்கும். பஞ்சை வாங்குமுன் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு கை விரல்களுக்கு நடுவில் இழுத்து இழை நீளம் பார்ப்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கம் அவருக்கு எல்லாவற்றிலும் இருந்தது. யாராவது பதில் சொன்னால், கையில் பஞ்சு இல்லாவிட்டாலும் விரல்கள் இழுக்கும். பதில் சரியில்லை என்றால் விரல்கள் நின்றுவிடும். அதைப் பார்த்ததும் நாங்கள் வேறு பதில் தேடுவோம்.

முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவருக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்துகூடத் தெரியாது. அதனால் பயமில்லை என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன்.

அன்று நான் நடத்தியது இலக்கணத்தில் முக்கியமான இடம். தமிழில் ‘போக’, ‘வர’, ‘சாப்பிட’ என்று வருகிறதே, ‘செய’ என்னும் எச்சம், அது இங்கிலீஷிலும் உண்டு, பிரெஞ்சிலும் உண்டு. (எச்சம் என்ற சொல்லை நான் சொன்ன மறுநொடி எங்காவது ஒரு பையன் காக்காய் மாதிரிக் கத்துவான். முப்பது வருஷமும் கத்தினார்கள். ஒரே நகைச்சுவைக்கு இவ்வளவு ஆயுள் உண்டா என்று எனக்கே ஆச்சரியம்.) இங்கிலீஷில் அதற்கு முன்னால் ‘டு’ என்று ஒன்றைப் போட்டுவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. போக ஆசை, போகத் தொடங்கு, போக மற என்று எதற்கும் அதே ‘டு’. பிரெஞ்சில் அப்படி நடக்காது. சில வினைகளுக்குப் பின்னால் எச்சம் நேராக வந்து உட்காரும். சிலவற்றுக்கு நடுவில் ‘ஆ’ வேண்டும். சிலவற்றுக்கு ‘த’ வேண்டும்.

கடைசி பெஞ்சிலிருந்து குரல்.

“ஏம்மா, வெள்ளைக்காரன் ‘டு’ ஒண்ண வச்சு ஊரையே ஓட்டிட்டான். அதே வேலைக்கு இவன் எதுக்கு மூணு பேரை வச்சிருக்கான்?”

“மூணு இல்லைங்கய்யா, ரெண்டுதான். ஒரு எடத்துல ஆளே கெடையாது.”

“எந்த வினைக்கு எந்த ஆளுன்னு யாரு முடிவு பண்றது?”

“யாரும் முடிவு பண்ணலைங்கய்யா. வழக்கம்.”

விரல்கள் நின்றன. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நம்ம வீட்டுக்குள்ள நேராப் போறோம்ங்கய்யா. சித்தப்பா வீடுன்னா வாசல்ல நின்னு ‘ஆ’ன்னு ஒரு குரல் குடுக்குறோம். சம்பந்தி வீடுன்னா வெறுங்கையோட போக முடியுமா? பழம், பூ எதையாச்சும் ‘த’ரணும். ஆசைப்படுறதும் முடியுறதும் சொந்த வீடு. தொடங்குறதும் கத்துக்கிறதும் சித்தப்பா வீடு. முடிக்கிறதும் மறக்குறதும் சம்பந்தி வீடு.”

விரல்கள் மெதுவாக இழுக்க ஆரம்பித்தன. எழுந்து போகும்போது தலைமையாசிரியரிடம், “இந்தப் பொண்ணு நெலைக்கும்” என்றாராம். நான் நிலைத்துவிட்டேன். என் பிள்ளைகள் பரீட்சையில் வினைகளைச் சொந்த வீடு, சித்தப்பா வீடு, சம்பந்தி வீடு என்றே மனப்பாடம் செய்தார்கள். அதற்கு வெளியே ஒரு வினை வந்தால் “இது யார் வீடு மிஸ்?” என்று கேட்பார்கள்.

அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லாமல் விட முடியாது. பள்ளித் தோட்டத்தில் பூப் பறிக்கிறார்கள் என்று பலகை வைக்கச் சொன்னார். மூன்று மொழியிலும் வேண்டும். பிரெஞ்சில் ‘ந பா கேயீர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அர்த்தம் கேட்டார்.

“‘பறிக்காமல் இருக்க’ன்னு அர்த்தம்ங்கய்யா.”

“இருக்கன்னா? யாரு இருக்க?”

“யாரும் இல்லைங்கய்யா. இங்கிலீஷ்ல ‘பறிக்காதே’ன்னு முகத்தைப் பாத்து அதட்டுவாக. பிரெஞ்சுல பலகைன்னா, மருந்து பாட்டில்னா, சமையல் குறிப்புன்னா வெறும் எச்சத்தை மட்டும் வச்சிருவாக. சொல்றவுகளும் கெடையாது, கேக்குறவுகளும் கெடையாது.”

“யாருக்கும் கோவம் வராதுல்ல?”

“வராதுங்கய்யா.”

நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை ஆசிரியர் அறைக்குச் சுற்றறிக்கை வந்தது. ‘காலையில் மணியடிக்குமுன் வர. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்தாமல் இருக்க. சம்பள உயர்வு பற்றித் தாளாளரிடம் பேசாமல் இருக்க.’ கீழே கையெழுத்துக்கூட இல்லை. தமிழ் ஐயா அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். சிவந்த கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் தாளாளர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நல்ல தமிழ்க் கையெழுத்து. ‘ஆசிரியர் அறைக் காப்பியில் பால் சேர்க்க.’ அடுத்த நாளிலிருந்து பால் இருந்தது. யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. எச்சத்தின் அருமை அதுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுக்கு இரண்டொரு வருஷம் முந்தி நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். பள்ளி விட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு டூவீலர் நின்றது. ஓட்டி வந்தவன் கதிர். என் பழைய மாணவன், பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு மார்க். அப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். பின்னால் அவன் அப்பா ராமசாமி. திருச்சுழி தாண்டி ஒரு கிராமத்தில் மானாவாரியில் மல்லியும் பருத்தியும் போடுகிறவர். மழைக்காக வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துபோன ஆள். அன்றைக்குத் தலை குனிந்திருந்தது.

“டீச்சர், எம் மகளுக்கு வந்த சம்மந்தம் நேத்தோட நின்னு போச்சு” என்றார். “இவன் என்னமோ பேசினான். அவுக போனை வச்சுட்டாக. அதுக்கப்புறம் எடுக்கவே மாட்டேங்குறாக.”

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

மகள் அமுதா, காரியாபட்டிப் பக்கத்தில் கால்நடை மருத்துவர். மாப்பிள்ளை ரமேஷ், பிரான்ஸில் ரொட்டி சுடும் தொழில் படித்தவன், அங்கேயே ஒரு கடையில் வேலை. அவன் அப்பா ராமசாமிக்குத் தூரத்துச் சொந்தம். சின்ன வயதில் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய், பிரான்ஸில் குடியேறிவிட்ட ஒரு பாண்டிச்சேரிக் குடும்பத்தில் பெண்ணெடுத்து, அங்கேயே குடிபோய்க் காலமாகிவிட்டார். அப்பாவின் ஊரைப் பார்க்க ரமேஷ் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து யாருடைய ஆட்டுக்கோ அமுதா ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. ரமேஷ் பிடித்தான். ஆடு அவனை உதைத்தது. அமுதா சிரித்தாள். அதிலிருந்து இரண்டு பேரும் போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம்தான். ஆனால் ரமேஷின் அம்மா சரோஜாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கைக்குழந்தையாகப் பாண்டிச்சேரியை விட்டுப் போனவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது வா, போ, சோறு, சனியனே. இந்த நான்கை வைத்துச் சம்பந்தம் பேச முடியாது. அதனால் ராமசாமி மகனைக் கூப்பிட்டிருக்கிறார்.

“ஏலே, நீதான் பிரெஞ்சு படிச்சவனாச்சே. அவுகம்மாகிட்ட அவுக பாஷையிலேயே ரெண்டு வார்த்தை பேசு. மரியாதையா இருக்கும்.”

ஞாயிறு மத்தியானம் வீடியோ போன் போட்டார்கள். ரமேஷ் கடை வேலையில் இருந்தான். அம்மா மட்டும் வீட்டில். இந்தப் பக்கம் மாமா, மாமி, சித்தி, பெரியப்பா என்று ஒரு பட்டாளமே போனைச் சுற்றி நின்றது.

“ரெண்டே வாக்கியம்தான் மிஸ் சொன்னேன்” என்றான் கதிர். “அக்கா கட்டிக்கிட வாரா. நீங்க எல்லாரும் இங்க வரணும்னு ஆசைப்படுறோம். அவ்வளவுதான்.”

“பிரெஞ்சுல என்ன சொன்ன? அப்படியே சொல்லு.”

எழுந்து நின்றான். பழைய பழக்கம். கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

“மா ஸர் வியாங் த ஸ மரியே.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். “அடுத்தது?”

“நூ வூலோங்... வெனீர். நடுவுல ‘உங்களை’ங்குறதை எங்க போடுறதுன்னு தெரியல மிஸ். அதான் விட்டுட்டேன்.”

“அதுக்கு அவுக என்ன சொன்னாக?”

“‘தூஸ்?’னு கேட்டாக. எல்லாருமான்னு. நான் ஆமா, எல்லாரும்தான்னேன். உடனே போனைத் திருப்பி நம்மாளுக எல்லாரையும் காட்டினேன். எல்லாரும் கையாட்டுனாக.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மோர் எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போய், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு ஒரு பாடு சிரித்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மூன்று தம்ளர் மோரோடு வந்தேன். ராமசாமி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“அண்ணாச்சி, இவன் இங்கிலீஷ்ல யோசிச்சுப் பிரெஞ்சுல பேசியிருக்கான். அங்க ஒரு ‘டு’ இருந்துச்சா, இங்க ஒரு ‘த’வப் போட்டுட்டான். அந்த வினைக்கு நடுவுல எதுவும் போடக் கூடாது. ‘வியாங் ஸ மரியே’ன்னா கல்யாணம் பண்ண வாரா. நடுவுல ‘த’ வந்துட்டா, இப்பத்தான் பண்ணி முடிச்சான்னு அர்த்தம்.”

“எதை முடிச்சா?”

“கல்யாணத்தை.”

ராமசாமி மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ரெண்டாவது, ‘நீங்க வரணும்னு ஆசைப்படுறோம்’ங்குறதை இங்கிலீஷ்ல எச்சத்தை வச்சே சொல்லிரலாம். பிரெஞ்சுல முடியாது. ஆசைப்படுறவரும் வரப்போறவரும் ஒரே ஆளா இருந்தாத்தான் எச்சம். ஆளு வேறன்னா வாக்கியத்தையே மாத்தணும். இவன் சொன்னது, ‘நாங்க வர ஆசைப்படுறோம்’.”

“அப்ப மொத்தமா அந்தம்மாவுக்கு என்னன்னு கேட்டிருக்கும்?”

“‘எங்க பொண்ணுக்கு இப்பத்தான் கல்யாணம் முடிஞ்சுச்சு. நாங்க அங்க வர ஆசைப்படுறோம். ஆமா, எல்லாரும்தான்’னு.”

ராமசாமி மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“தொண்ணூத்தெட்டாடா?”

கதிர் தரையைப் பார்த்தான். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

தவறு இதோடு நின்றிருந்தால் அன்றைக்கே ஒரு போனில் சரிசெய்திருக்கலாம். ஆனால் அதற்குள் அது இன்னோர் ஆளையும் தொட்டிருந்தது. அம்மா பதறிப்போய் மகனிடம் சொல்ல, ரமேஷ் வேலைக்கு நடுவே அமுதாவுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டான்: உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

அமுதா அதற்குப் பதில் போடவில்லை. அவன் கூப்பிட்டதையும் எடுக்கவில்லை. வீட்டில், எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“நீங்க ஒரு எட்டு வந்து பேசணும் டீச்சர்” என்றார் ராமசாமி. “உங்ககிட்டப் படிச்சவன் கெடுத்த காரியம். நீங்க பேசினாத்தான் சரியா வரும்.”

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தாளாளர் காலமாகி, அவர் மகன் அந்த இடத்துக்கு வந்திருந்தார். காரணம் கேட்டார். இலக்கண வேலை என்று சொன்னேன். நம்பாமல் கையெழுத்துப் போட்டார்.

அமுதாவை முதலில் தனியாகப் பார்த்தேன். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மொழித் தவறும்மா, வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

“தெரியும் மிஸ். கதிர் சொல்லிட்டான். அந்த அம்மா மேல எனக்குக் கோவமில்ல. அவுக காதுல விழுந்ததை நம்புனாக. ஆனா தினமும் எங்கூடப் பேசுற ஆளு, அதை நம்பலாமா வேண்டாமான்னு எங்கிட்டயே கேக்குறாரே? ஒரு மாடு செனையான்னு பாக்குறதுக்கே நான் கைய விட்டுத்தான் பாப்பேன். அடுத்தவுக சொன்னதை வச்சுச் சொல்ல மாட்டேன்.”

“அவரும் உங்கிட்டத்தானேம்மா கேட்டாரு? வேற யாருகிட்டயும் கேக்கலையே?”

கை கழுவுவது நின்றது. யோசித்தாள். “அது சரிதான்” என்றாள் அரைமனசாக. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “இன்னொண்ணும் இருக்கு மிஸ். கட்டிக்கிட்டு அங்க வாரேன்னு நான் யாருகிட்டயும் சொல்லவே இல்ல. அப்பாவா முடிவு பண்ணிக்கிட்டாரு” என்றாள்.

அது எனக்குப் புதுச் செய்தி. அதை என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் ராமசாமி உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார். கதிர் ரமேஷுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தான். ரமேஷ் அம்மாவிடம் கெஞ்சி, இந்த ஒரு தடவை போனை எடுக்கச் சம்மதிக்க வைத்திருந்தான். இங்கே நாலு மணி. அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால்.

இந்த முறை பட்டாளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான், ராமசாமி, அமுதா. கதிர் கதவுக்குப் பின்னால்.

திரையில் வந்த மதாம் சரோஜாவுக்கு நரைத்த குட்டை முடி, நெற்றியில் சின்னப் பொட்டு, உதட்டில் சிரிப்பு இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தை நடத்தி ஓய்வு பெற்றவர் என்று கதிர் சொல்லியிருந்தான். ஆயிரம் பிள்ளைகளைத் தட்டைக் கழுவ வைத்த கண்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்தப் பையனுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானா?” என்றார் பிரெஞ்சில்.

“ஆமாம் மதாம்.”

“ம்.”

அந்த ‘ம்’முக்கு எந்த மொழியிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. ‘த’ எப்படி வந்தது என்று விளக்கினேன். பையன் சொல்ல நினைத்தது வேறு, இங்கிலீஷ் ‘டு’ நடுவில் புகுந்து கெடுத்துவிட்டது என்றேன்.

“ஓ! இங்கிலீஷா!” என்றார். முகமே மாறிவிட்டது. “எல்லாவற்றையும் கெடுப்பது அதுதானே. என் பேரன்கள் பேசுகிற பிரெஞ்சை நீங்கள் கேட்க வேண்டும்!”

பழியை முழுக்க இங்கிலீஷ்மேல் போட்டேன். பிரான்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இங்கிலாந்தைப் பற்றிக் குறை பேச ஆரம்பித்ததும் நாங்கள் இரண்டு பேரும் பால்ய சிநேகிதிகள் மாதிரி ஆகிவிட்டோம். இரண்டாவது வாக்கியத்தையும் திருத்திச் சொன்னேன். நூ வூலோங் க வூ வெனியே. நீங்கள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம். ‘வரணும்னு’ என்று நாம் சொல்கிறோமே, அந்த ‘னு’தான் அவர்களுடைய ‘க’. இந்த இடத்தில் பிரெஞ்சும் தமிழும் ஒரே கட்சி, இங்கிலீஷ்தான் எதிர்க்கட்சி. வகுப்பில் இதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தமிழுக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளைகளுக்குத் தமிழை வைத்தேதான் பிரெஞ்சை நடத்தினேன். அது தமிழ் ஐயாவுக்குத் தெரிந்திருந்தால் என்னை மன்னித்திருப்பார்.

மதாம் தலையாட்டினார். பிறகு அமுதாவை நேராகப் பார்த்தார்.

“அப்படியானால் இந்தப் பெண் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வருகிறாள். இல்லையா?”

ராமசாமிக்குப் பிரெஞ்சு புரியாவிட்டாலும் தோரணை புரிந்துவிட்டது. “ஆமான்னு சொல்லுங்க டீச்சர்” என்றார்.

“என்ன கேக்குறாக மிஸ்?” என்றாள் அமுதா.

சொன்னேன்.

“நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மிஸ். ‘நான் வர விரும்பல’ன்னு அவுக பாஷையில எப்படிச் சொல்லணும்?”

ராமசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஏய், ஏய், என்ன பேசுற நீ!”

“‘அவர் இங்க வரணும்னு விரும்புறேன்’ங்குறதுக்கு எப்படிச் சொல்லணும்? ரெண்டையும் சொல்லிக் குடுங்க. நானே சொல்லுறேன். நடுவுல யாரும் வேண்டாம்.”

இந்த இடத்தில் நான் தயங்கினேன். இப்போதுதான் ஒட்டவைத்த பாத்திரம். பெற்றவர் எதிரில் நின்று கண்ணாலேயே கெஞ்சுகிறார். சொல்லிக்கொடுக்காமல் மழுப்பிவிடலாம். மதாமுக்குத் தெரியாது, அமுதாவுக்கும் தெரியாது. ஆனால் ஒருத்தி தான் சொல்ல நினைத்ததை ஒரு மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்வதற்குத்தான் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். நான் தரகர் இல்லை, டீச்சர். ஷர்மிளா, உன் பசங்களுக்கு என் பதிலும் இதுதான்.

“மொத வாக்கியத்துல விரும்புறதும் நீ, போகாததும் நீ. அதனால எச்சம் போதும். ‘கிளம்பிப் போக’ன்னே சொல்லு, அழுத்தமா இருக்கும். ரெண்டாவதுல விரும்புறது நீ, வாரது அவரு. அதனால ‘க’ வேணும்” என்று சொல்லி, இரண்டு முறை சொல்லிக்காட்டினேன்.

அமுதா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“ழ ந வ பா பார்தீர்” என்றாள், ஒவ்வொன்றாக, ஊசி மருந்தை அளந்து ஏற்றுகிற மாதிரி. “ழ வ கில் வியென்.”

பிரெஞ்சின் ‘ழ’ நம் ‘ழ’ இல்லை, எங்கள் ஊரில் நம் ‘ழ’வே பாதி ‘ள’தான். இருந்தாலும் ஒரு தவறு கிடையாது.

திரை உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, மதாம் சரோஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பியைவிட இவள் நன்றாகப் பேசுகிறாள்” என்றார் கடைசியில். “என் மகனும் ஒரு வருஷமாக இதையேதான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறான். அங்கே போய் ஒரு ரொட்டிக்கடை வைத்தால் எப்படியிருக்கும் அம்மா, என்று. கடை நடக்குமா அம்மா, என்று. போக விரும்புகிறேன் என்று மட்டும் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும் கேட்டுக்கொள்ளத் தைரியம் இல்லை.”

நான் ராமசாமிக்குத் தமிழில் சொன்னேன். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“நான் ஒன்று கேட்கலாமா?” என்றார் மதாம். குரல் தணிந்திருந்தது. “அவன் வரவேண்டும் என்று விரும்புகிறாள். சரி. நான் வரவேண்டும் என்று அங்கே யாராவது விரும்புகிறார்களா?”

மொழிபெயர்த்தேன். ராமசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அவுக இல்லாமலா? என்ன கேள்வி டீச்சர் இது? வரச் சொல்லுங்க. வந்து எத்தனை நாளு வேணும்னாலும் இருக்கச் சொல்லுங்க. நெல்லுச் சோறு ஒத்துக்கலைன்னா அதுக்குத்தான் மகன் ரொட்டி சுடுவாருல்ல.”

எனக்குத் தெரிந்த மிகச் சரியான பிரெஞ்சில் அதைச் சொன்னேன். சோற்றைப் பற்றிய பகுதியையும் விடவில்லை. அப்போதுதான் மதாம் சிரித்தார்.

ரமேஷ் வந்தான். வந்த அன்றைக்கே அமுதாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டான், தமிழில். எந்த மாதிரித் தமிழ் என்று நான் எழுதப் போவதில்லை, அவள் சிரித்துவிட்டாள் என்பது போதும். கல்யாணம் நடந்தது. அருப்புக்கோட்டையில் அவன் கடை இப்போது நன்றாக ஓடுகிறது. நீளமாக ஒரு ரொட்டி போடுகிறான், ஜனங்கள் அதை விறகு ரொட்டி என்கிறார்கள். முதல் மாதம் யாரும் வாங்கவில்லை. பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதை வைத்துக் கத்திச்சண்டை போட ஆரம்பித்ததும் வியாபாரம் சூடுபிடித்தது. கதிருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, பிரெஞ்சுக்குச் சம்பந்தமில்லாத வேலை. எல்லோருக்கும் நிம்மதி.

மதாம் சரோஜா குளிர்காலம் முழுக்க இங்கேதான் இருக்கிறார். வந்த முதல் வாரமே என் வீட்டுக்கு வந்து, தமிழ் சொல்லிக்கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே மாணவி. அவருக்கு நம் எச்சம்தான் பெரிய தொல்லை. ‘டு’வும் இல்லை, ‘ஆ’வும் இல்லை, ‘த’வும் இல்லை, பிறகு எதைப் பிடித்துக்கொள்வது என்று சண்டை போடுகிறார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எச்சம் வந்துவிட்டால் அவருக்கு ஒன்று கைதவறிப் போய்விடும்.

போன தைப் பொங்கலுக்கு மறுநாள் தன் கையால் சமைத்துச் சம்பந்தி வீட்டாரை விருந்துக்குக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் உடன் வரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. ‘உங்களைச் சாப்பிடக் கூப்பிட வந்தேன்.’ இந்த ஒரு வாக்கியத்தைத் திருச்சுழி போகும் வழி முழுக்கப் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்து, கை கூப்பி, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, தெளிவாக, சத்தமாகச் சொன்னார்:

“சம்பந்தி, நான் உங்களைச் சாப்பிட வந்தேன்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராமசாமி என்னைப் பார்த்தார். நான் நிபந்தனைப்படி வாயைத் திறக்கவில்லை. அவர் தன் ஒல்லியான கையைத் தூக்கி ஒரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“உக்காருங்க சம்பந்தியம்மா” என்றார் ரொம்ப மரியாதையாக. “எங்கிட்ட எலும்புதான் இருக்கு. பரவாயில்லையா?”